கேட்டுக்கு வெளியே நின்று நிறுத்திய ஃபேன்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என் சொந்தத் தங்கை என்னை கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

சண்டை எதுவும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் நிறுத்தினாள். வேப்பமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கம்பி இடுக்கு வழியாக ஒரு டம்ளர் மோர் — உபசாரத்தில் குறையே இல்லை. உள்ளே மட்டும் விடவில்லை.

காரணம் என் வாய்தான். முந்தின நாள் தம்மம்பட்டியில் நண்பரின் தோட்டத்துக்குப் போயிருந்ததைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அங்கே நாட்டுக்கோழி மேயுமா என்று கேட்டாள். மேய்ந்தது மட்டுமில்லை, மதியம் குழம்பிலும் இருந்தது என்று பெருமையாகச் சொன்னேன். கேட் சாத்தப்பட்டது.

‘மூணு நாள் கழிச்சு ஊட்டுக்குள்ள வாங்கண்ணா. அதுவரைக்கும் இங்கயே பேசிக்கலாம்.’

தேன்மொழி அயோத்தியாப்பட்டணத்தில் என்னோடு வளர்ந்தவள்தான். நாமக்கல் பக்கம் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷமாகிறது. ‘வீடு’ எப்போதோ ‘ஊடு’ ஆகிவிட்டது. அவளும் மாப்பிள்ளை சண்முகமும் முட்டைக்கோழிப் பண்ணை நடத்துகிறார்கள். வேறு கோழி இருக்கிற இடத்துக்குப் போய் வந்தவர் மூன்று நாளைக்கு உள்ளே கால் வைக்கக்கூடாது. அது அவள் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தில் சிக்காதவர்களும் சும்மா நுழைந்துவிட முடியாது. குளிக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும், பண்ணைச் செருப்புப் போட வேண்டும், மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைக்க வேண்டும். தீவன லாரி வந்தால் அதன் டயருக்குக்கூட மருந்து அடிப்பார்கள். நோய் எந்த வழியாகவும் வந்துவிடக்கூடாது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பண்ணைகளைப் பற்றித்தான் அந்த வீடியோ.

நீங்களும் பார்த்திருக்கலாம். பின்னணியில் திகில் இசை. ஒருவர் செல்போனைத் தட்டுகிறார், கோழி ஷெட்டில் ஃபேன் நின்றுவிடுகிறது. ‘உங்கள் ஷெட் கன்ட்ரோலர் சாஃப்ட்வேரில் பெரிய ஓட்டை! பாஸ்வேர்டே இல்லாமல், எந்த ஊரில் இருந்தும், யார் வேண்டுமானாலும் உங்கள் ஃபேனை நிறுத்தலாம்! கம்பெனிக்குத் தெரியும், மறைக்கிறார்கள்! பக்கத்து மாநிலத்தில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கோழிகள்...’ அப்புறம் வழக்கமான வேண்டுகோள். ஷேர் பண்ணுங்கள், உயிர்களைக் காப்பாற்றுங்கள்.

நான் காப்பாற்றினேன். திங்கட்கிழமை ராத்திரி முப்பது விநாடி பார்த்ததும் தங்கை ஞாபகம் வந்தது. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் உடனே அனுப்பினேன். கூடவே, ‘அவசரம், அவசியம் பார்க்கவும்’ என்று ஒரு வரி. மீதி மூன்று நிமிடத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் இல்லையா?

ஃபேன் நின்றால் என்ன, கொஞ்ச நேரம் வியர்க்கும் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தேன்மொழியின் பண்ணையில் இருப்பது நாலு பக்கமும் மூடிய ஷெட். ஒரு கோடியில் ஈரமான அட்டைச் சுவர், மறுகோடியில் வரிசையாக ராட்சத ஃபேன்கள். அந்த ஃபேன்கள் காற்றை இழுத்து வெளியே தள்ளுவதால்தான் உள்ளே கோழிகள் மூச்சு விடுகின்றன. எந்த ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்பதைச் சுவரில் மாட்டியிருக்கும் கன்ட்ரோலர் பெட்டி முடிவு செய்கிறது. தேன்மொழி அதைத் தன் போனில் இருந்தே பார்க்கலாம், மாற்றலாம். சித்திரை வெயிலில் அந்த ஃபேன்கள் அரை மணி நேரம் நின்றால் போதும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பகலில் அப்படி நின்றிருக்கிறது. கரண்ட் போய், ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிவிட்டது. செத்த கோழிகளைக் கூண்டு கூண்டாக இவள் எடுத்துப் போட்டாளாம். அன்றைக்கு அவள் போனில் அழுதது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை நேரிலேயே போனேன். பண்ணையாளர்களின் வாட்ஸ்அப் குரூப் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு மேனுவலுக்கு — அதாவது ஒவ்வொரு ஃபேனையும் கையால் சுவிட்ச் போட்டு ஓட்டும் பழைய முறைக்கு — மாறிவிடலாம் என்று பேச்சு. சிலர் மாறியே விட்டார்கள். ஒண்ணாம் ஷெட்டில் பதினாறாயிரம் கோழி. கழற்றுவதா, விடுவதா? வெயில் உச்சிக்கு வருவதற்குள் தேன்மொழி முடிவு செய்தாக வேண்டும். மாப்பிள்ளை ஈரோடு போயிருந்தார்.

நான் நாற்காலியை கேட்டுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு முட்டை அட்டையின் பின்பக்கத்தில் பேனாவால் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். வீடியோவை ஏழு தடவை பார்த்தாளாம். என் முப்பது விநாடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

என்ன எழுதுகிறாள்? எனக்கு வேடிக்கையாக இருந்தது. இவள் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. பி.காம். ஆனால் அந்த அட்டையில் இருந்த கேள்விகளை நான் முன்பே அவள் வாயால் கேட்டிருக்கிறேன். போன வருஷம் ஒரு தீவனத்தைப் பற்றி வதந்தி வந்தது, தின்ற கோழியெல்லாம் சாகிறது என்று. அப்போது போன் செய்த எல்லாரையும் இவள் குடைந்தெடுத்தாள். எந்த பேட்ச் தீவனம்? எத்தனை வாரக் கோழி? செத்ததை யார் அறுத்துப் பார்த்தது? அதே தீவனம் போட்ட அடுத்த பண்ணையில் சாகிறதா? பாதிப் பேர் இரண்டாவது கேள்வியிலேயே போனை வைத்துவிட்டார்கள்.

இப்போது ‘தீவனம்’ இருந்த இடத்தில் ‘சாஃப்ட்வேர்’. எந்த மாடல் கன்ட்ரோலர்? வீடியோவில் சொல்லவில்லை. எந்த வருஷத்து ஆப்? சொல்லவில்லை. கோழி செத்த பண்ணை எந்த ஊர்? ‘பக்கத்து மாநிலம்.’ இவரைத் தவிர வேறு யாராவது செய்து பார்த்தார்களா? தெரியாது.

‘இங்க பாருங்கண்ணா’ என்று போனைக் கம்பி வழியாக நீட்டினாள். ஃபேன் நிற்கிற காட்சியில் படத்தை நிறுத்தியிருந்தாள். ‘ஃபேன் நின்னா அது பின்னாடி இருக்கற தகடு தானா மூடிக்கோணும். இதுல தொறந்தே கெடக்குது. ஒட்டடை வேற. இது பல மாசமா ஓடாத ஃபேனுங்கண்ணா.’

நான் துள்ளினேன். அப்படியானால் வீடியோ டூப்! நானும் என் பங்குக்குத் துப்பறிந்தேன். வீடியோவைக் கடைசி வரைக்கும் அப்போதுதான் பார்த்தேன். முடிவில் ஒரு போன் நம்பர், ‘பாதுகாப்பான எங்கள் கன்ட்ரோலருக்கு அழைக்கவும்’ என்று. சரக்கு விற்கிற ஆள்! விஷயம் முடிந்தது, நிம்மதியாக இரு என்றேன்.

அவள் நிம்மதியாக ஆகிற மாதிரி தெரியவில்லை.

‘வீடியோ பொய்யி. சங்கதியும் பொய்யான்னு இன்னும் தெரியலீங்களே.’

எனக்குச் சட்டென்று புரியவில்லை. உங்களுக்குப் புரிந்ததா? அவளே விளக்கினாள். ஒரு சமயம் தடுப்பூசி விற்க வந்த ஒருவர் புதுசாக ஒரு நோய் வருகிறது என்றாராம். மருந்தை விற்கத்தான் கதை விடுகிறார் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் அந்த நோய் வந்தது. சொல்கிறவன் யார் என்று பார்ப்பது அவசியம், ஆனால் அதோடு நின்றுவிடக்கூடாது என்பது அவள் கட்சி.

இந்தக் கண்ணோட்டத்தில் நான் யோசித்ததே இல்லை. ஃபார்வர்டு வந்தால் எனக்கு இரண்டே பெட்டிதான். நிஜம், டூப். டூப் என்று தெரிந்தால் அந்த விஷயத்தையே தலைமுழுகிவிடுவேன். மோசமான சாட்சி சொன்னாலும் வழக்கு உண்மையாக இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

கன்ட்ரோலர் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினீயருக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ‘நூறு சதவீதம் சேஃப் மேடம், வதந்தியை நம்பாதீங்க’ என்றார். வீடியோவைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இன்னும் பார்க்கவில்லையாம்.

‘பாக்காமயே எப்படிங்க சேஃப்புன்னு சொல்றீங்க?’

பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். அட்டையில் ‘வீடியோக்காரர்’ என்பதற்கு எதிரே, ஆதாரம் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு கோடு போட்டிருந்தவள், இன்ஜினீயர் பெயருக்கு எதிரேயும் அதே மாதிரி ஒரு கோடு போட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

அப்புறம் என்னையே பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்தால் எனக்கு ஏதோ வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

‘ரெண்டாம் ஷெட்டுல கோழி இல்லீங்கண்ணா. போன வாரந்தான் கழுவி விட்டோம். ஃபேனு மட்டும் காயறதுக்கு ஓடுது. நீங்கதான் வெளியாளு ஆச்சே... வெளிய இருந்தே நிறுத்திப் பாருங்க.’

ஆக, என்னை உள்ளே விடாததிலும் ஒரு லாபம். பண்ணை வைஃபை எனக்குக் கிடையாது. என் போனில் என் டேட்டா. வீடியோவில் சொன்ன ‘எந்த ஊரில் இருந்தும்’ ஆள் நான்தான். ஆப்பை இறக்கினேன். எந்த ஷெட் என்று ஒரு நம்பர் கேட்டது. நம்பரைக் கொடு என்றேன். கொடுக்க மாட்டேன், வெளியாள் எப்படிக் கண்டுபிடிப்பானோ அப்படிக் கண்டுபிடியுங்கள் என்றாள். சரிதான், பரீட்சையில் பிட் கொடுக்கக்கூடாது.

முதலில் வீடியோக்காரர் சொன்னபடியே பார்க்க வேண்டும் என்பதற்காக நம்பரை மட்டும் அவள் வாயிலிருந்து கெஞ்சி வாங்கினேன். பாஸ்வேர்டு இல்லாமல் தட்டினேன். திறக்கவில்லை. மறுபடியும். திறக்கவில்லை. வீடியோவில் காட்டிய மாதிரியே ஓரத்தை அழுத்தி, திரும்ப வந்து, எல்லாம் செய்து பார்த்தேன். ம்ஹூம். ஆக, ‘பாஸ்வேர்டே இல்லாமல்’ என்பது பச்சைப் பொய், எங்கள் பெட்டியைப் பொறுத்தவரைக்குமாவது. தேன்மொழி அட்டையில் குறித்துக்கொண்டாள். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

‘பாஸ்வேர்டு என்ன வெச்சிருக்க?’ என்று நான் சும்மாதான் கேட்டேன்.

இன்ஜினீயர் மாட்டும்போது வைத்துவிட்டுப் போனதுதான், மாற்றவே இல்லை என்றாள். எல்லாப் பண்ணைக்கும் அவர் அதே பாஸ்வேர்டைத்தான் வைப்பாராம். மறந்துவிடக்கூடாது என்று நம்பரோடு சேர்த்து ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டிவிட்டுப் போவாராம்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது என்று நினைக்கிறேன். பண்ணையாளர் குரூப்பைத் திறக்கச் சொன்னேன். காலையிலிருந்து நடந்த கூத்து அதில் வரிசையாக இருந்தது. ‘எங்க பெட்டியும் இதே மாடலுங்களா பாருங்க’ என்று ஒருவர் படம் போட்டிருந்தார். அவரைப் பார்த்து இன்னொருவர். அவரைப் பார்த்து பத்துப் பேர். எல்லாம் கன்ட்ரோலர் பெட்டியின் போட்டோ. பளிச்சென்று, ஸ்டிக்கரோடு. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப்போன அவசரத்தில் ஆளாளுக்குச் சாவியைப் படம் பிடித்து ஊருக்கே காட்டியிருக்கிறார்கள். அதில் மூன்றாவது படம் ஈரோட்டுக்குக் கிளம்பும் முன் எங்கள் மாப்பிள்ளை போட்டது. ரெண்டாம் ஷெட்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஸ்டிக்கரில் இருந்ததை அப்படியே என் போனில் அடித்தேன்.

திறந்துகொண்டது.

ஏழாம் நம்பர் ஃபேனைத் தொட்டேன். தூரத்தில் ஷெட்டின் கோடியில் ஓர் இரைச்சல் மெல்ல இறங்கிக்கொண்டே வந்து நின்றது. தகடு ‘டப்’பென்று மூடிக்கொண்ட சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. காலி ஷெட்தான், ஓர் உயிர்கூட உள்ளே இல்லை. ஆனாலும் அவசரமாக அதைத் திரும்ப ஓடவிட்டேன். நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்ட பாவத்துக்கு கேட்டைத் தாண்ட முடியாத ஆள் நான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் ஃபேனை நிறுத்திவிட்டேன்.

தேன்மொழி ஒளிக்காமல் சொன்னாள். ‘எனக்குப் பயமா இருக்குதுங்கண்ணா.’

ஆனால் கன்ட்ரோலரைக் கழற்றவில்லை. நேராக ஒண்ணாம் ஷெட்டுக்கு ஓடினாள். பாஸ்வேர்டை மாற்றினாள், ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தாள், திரும்பி வந்து நம்பரைச் சொல்லி என்னை அதையும் திறந்து பார்க்கச் சொன்னாள். பழைய பாஸ்வேர்டை நாலு தடவை அடித்தேன். திறக்கவில்லை. ஐந்தாவது தடவையும் அடிக்கச் சொன்னாள். அடித்தேன். குரூப்பில் இருந்த மாப்பிள்ளையின் போட்டோவையும் அவரை விட்டே அழிக்கச் சொன்னாள்.

மணி பன்னிரண்டே கால் இருக்கும். கரண்ட் போனது.

ஒண்ணாம் ஷெட்டின் இரைச்சல் மொத்தமாக அடங்கியது. தேன்மொழி அசையவில்லை, விரலை மட்டும் மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். ஜெனரேட்டர் இருமியது. ஒரு ஃபேன் எழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு இன்னொன்று. யாரும் எந்த சுவிட்சையும் தொடவில்லை. கழற்றலாமா என்று காலையிலிருந்து தீர்ப்புக்குக் காத்திருந்த அந்தப் பெட்டிதான் ஒவ்வொன்றாக எழுப்பியது.

கால் மணி நேரம் கழித்து அவள் போன் அடித்தது. ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் பண்ணை வைத்திருக்கும் பெரியசாமி. காலையில் முதல் ஆளாக மேனுவலுக்கு மாறியவர் அவர்தான். மாறிவிட்டு வேலையாக ராசிபுரம் போயிருக்கிறார். கரண்ட் போனதும் பண்ணையில் இருந்த அவருடைய அம்மா ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார். ஃபேன்கள் எப்போதும்போல் தானாக எழுந்துகொள்ளும் என்று நினைத்துச் சமையலுக்குப் போய்விட்டார். கையால் சுவிட்ச் போட வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கோழிகள் சாய்வதைப் பார்த்த பிறகுதான் மகனுக்குப் போன் செய்திருக்கிறார். இப்போது பெரியசாமி வழியில் வந்துகொண்டிருக்கிறார். என்ன செய்வது என்று கேட்டார்.

தேன்மொழியால் ஓடிப் போய் உதவ முடியாது. அவர் ஷெட்டுக்குள் போனால் தன் ஷெட்டுக்கு மூன்று நாள் வர முடியாது. போனிலேயே சொன்னாள். அம்மாவை ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொல்லுங்கள், ஒரேயடியாகப் போட்டால் ஜெனரேட்டர் நின்றுவிடும், நடுவில் பத்து எண்ணச் சொல்லுங்கள் என்றாள். மூச்சு வாங்காமல், நிதானமாகச் சொன்னாள். முந்நூறுக்கு மேல் கோழி போய்விட்டது என்று பிற்பாடு தெரிந்தது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் மொத்த ஷெட்டும் போயிருக்கும்.

போனை வைப்பதற்கு முன்னால் பெரியசாமி ஒன்று சொன்னார். ஸ்பீக்கரில் இருந்தது, எனக்கும் கேட்டது.

‘நான் வெறும் வீடியோவா இருந்தா நம்பியிருக்க மாட்டனுங்க. பத்திரிகையில எழுதறவரு, எங்க மச்சானே அனுப்பிச்சாருன்னு உங்க ஊட்டுக்காரரு குரூப்புல போட்டாருங்க. படிச்சவரு, விசாரிக்காமயா அனுப்புவாருன்னு...’

தேன்மொழி என்னைப் பார்க்கவில்லை. முட்டை அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் எழுதிய கேள்விகளில் ஒன்றுக்கு எதிரே மட்டும் எதுவும் எழுதப்படவில்லை. ‘குரூப்புக்கு எங்கிருந்து வந்தது?’ அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் என்பதற்காக எழுதாமல் விட்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இதை எழுதும்போதும்தான்.

மறுநாள் அவளும் நானும் போனில் பேசி, பண்ணையாளர்களுக்கு ஒரு செய்தி தயார் செய்தோம். வீடியோவில் காட்டிய ஃபேன் ஓடாத ஃபேன். பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கவில்லை, நாங்களே முயன்று பார்த்தோம். ஆனால் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் இருந்தால் யாரும் திறக்கலாம், அதையும் முயன்று பார்த்தோம், திறந்தது. மாற்றுங்கள். ஸ்டிக்கரைக் கிழியுங்கள். கன்ட்ரோலரைக் கழற்றாதீர்கள். மற்ற மாடல்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாது. அந்தக் கடைசி வரி எதற்கு, செய்தி பலவீனமாகத் தெரிகிறதே என்றேன். தெரியாததைத் தெரியாது என்று போட்டால்தான் தெரிந்ததை நம்புவார்கள் என்றாள். இன்ஜினீயரும் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். இந்த முறை நூறு சதவீதம் என்ற வார்த்தை வரவில்லை. பண்ணை பண்ணையாகப் போன் போட்டு மாற்றச் சொல்கிறாராம்.

ஒருவர் மட்டும், ‘மாத்தியாச்சுங்க’ என்று புது ஸ்டிக்கரைப் படம் எடுத்து குரூப்பில் போட்டார். தேன்மொழி அவருக்குத் தனியாகப் போன் செய்தாள்.

வெள்ளிக்கிழமை கெடு முடிந்தது. குளித்து, உடை மாற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, முறைப்படி உள்ளே போனேன். போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னாள். திரும்பி வந்ததும் அதே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பெரியசாமிக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக மனதுக்குள் வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். முப்பது விநாடிதான் பார்த்தேன் என்றதுமே மேலே சொல்லவிடாமல், அதெல்லாம் எதுக்குங்க, நல்லதுக்குத்தானே அனுப்பினீங்க என்று ரொம்பப் பெருந்தன்மையாகப் பேசினார். பாஸ்வேர்டு மாற்றச் சொன்ன செய்தி கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்தது என்றார்.

அப்புறம், அவ்வளவு பணிவாகக் கேட்டார்:

‘ஏனுங்க சாமி... இதையாச்சும் முழுசாப் பாத்துட்டுத்தானுங்க அனுப்பிச்சீங்க?’